தோட்டத்து நத்தையும் நிலத்தில் சேரும் உலோக நஞ்சும்

பாலாற்றுப் பாய்ச்சலில் பயிரிடும் குடியானவர்களுக்கு நத்தை புதியதன்று. முதல் மழை பெய்த இரவில் வாழையின் அடியிலும், வரப்போரத்துக் கற்களின் கீழும், கிணற்று மேட்டிலும் நத்தைகள் வெளிப்பட்டு இளந்தளிர்களைக் கடித்துவிட்டுப் போவதையும், விடிந்தபின் அவை சென்ற வழியெல்லாம் வழும்பு காய்ந்து வெள்ளிக் கோடுபோல் மின்னுவதையும் எல்லோரும் கண்டிருப்பார்கள். பயிருக்குப் பகையென்று மாத்திரம் எண்ணப்பட்டுவரும் இப்பிராணி, மண்ணில் கலந்துள்ள உலோக நஞ்சுகளை அறிவதற்கு ஒரு கருவியாகவும் உதவுமென்று மேனாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டு, அதற்கென்று முறைகளையும் வகுத்திருக்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்களை அடுத்து நிலம் வைத்திருப்போர் இவ்விஷயத்தைத் தெரிந்துகொள்ளுதல் நலம். ஆனால் நத்தை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்னும் இரண்டையும் சேர்த்தே அறியவேண்டும். ஒன்றை மாத்திரம் அறிந்தவர் நல்ல நிலத்தைக் கெட்டதென்றோ, கெட்ட நிலத்தை நல்லதென்றோ எண்ணி நஷ்டமடைய நேரிடும்.

நிலம் கெட்ட விதம்

இப்பகுதியில் தோல் பதனிடுதல் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட தொழில். முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய மரச்சரக்குகளைக் கொண்டே தோல் பதனிடப்பட்டு வந்தது. 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்சாமான்களையும் ஊக்குவித்தபின், குரோம உப்பினால் பதனிடும் முறை விரைவாய்ப் பரவிற்று. பட்டையைக்கொண்டு பல வாரங்களில் முடியும் வேலை குரோமத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். எனினும் தொட்டியில் இடும் குரோம உப்பு முழுவதையும் தோல் ஏற்றுக்கொள்வதில்லை. சாதாரண முறையில் உத்தேசம் மூன்றில் ஒரு பங்கு கழிவு நீரோடு வெளியே போய்விடும். இதைவிட மிகுதியாய்ப் போவது கறியுப்பு. பச்சைத்தோல் அழுகாதிருக்கும்பொருட்டு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் உப்பு இடப்படுகிறது. தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பெல்லாம் நீரில் இறங்கிவிடும்.

இந்நீர் நெடுங்காலம் ஏரிகளிலும், ஓடைகளிலும், பாலாற்று மணலிலும் விடப்பட்டு வந்தது. மணலடியில் ஊறும் நீரை ஊற்றுக்கால்களாலும் கிணறுகளாலும் எடுத்துப் பாய்ச்சி வந்த கழனிகளுக்கு அது வந்து சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்து அறிக்கை எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது சுமார் 86,000 ஏக்கர் நிலம், ஒரு பகுதியோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்பது அவ்வறிக்கையின் முடிவு. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நியாயத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. அதன்படி அமைந்த அதிகார சபை, 2001-ல் பழைய வேலூர் ஜில்லாவில் நஷ்டஈட்டுக்கு உரியவர்கள் 29,193 பேரென்று கணக்கிட்டது. கழிவு நீரைச் சுத்தி செய்யப் பொது நிலையங்களும் பல ஊர்களில் ஏற்பட்டன. ஆயினும், நஷ்டஈடு பாக்கியின்றிக் கொடுக்கப்படவேண்டுமென்றும், நிலத்தையும் ஆற்றையும் சீர்ப்படுத்துவதை மேற்பார்வையிட ஒரு குழு அமைக்கப்படவேண்டுமென்றும் 2025-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டளையிட நேர்ந்தது. ஆகையால் எந்த நிலத்தில் எவ்வளவு கேடு உளது என்பதைக் கண்டறிதல் இன்றைக்கும் தீராத காரியமாகவே இருக்கிறது.

இரண்டு வியாதிகள்

இவ்விடத்து நிலத்துக்கு நேர்ந்தவை ஒன்றல்ல, இரண்டு வியாதிகள். முதலாவது உப்பு. பயிர் முளையாமல் கருகுவதற்கும், தென்னை குறும்பை உதிர்ப்பதற்கும், மண் இறுகித் தண்ணீர் உள்ளிறங்காமல் நிற்பதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே. இதைக் கண்ணாலும், நாவாலும், விளைச்சலாலும் குடியானவர் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது உலோகங்கள். இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. விளைச்சல் குறையாமலிருக்கும்போதே இவை மண்ணில் ஏறிக்கொண்டிருக்கக்கூடும். இவற்றுள் முக்கியமானதாகிய குரோமியம் இரண்டு நிலைகளில் உளது. தோற்சாலையில் உபயோகமாவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது மண்ணின் களிமண்ணோடும் மக்கோடும் இறுகப் பிணைந்து, எளிதில் அசையாது. ஆறாம் நிலைக் குரோமியமோ மஞ்சள் நிறமுள்ளது. நீரில் எளிதாய்க் கரைந்து ஓடுவது. உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. இராணிப்பேட்டையில் குரோமேட் உப்புக்கள் செய்துவந்து 1990-களில் மூடப்பட்ட ஆலையொன்றின் பின்னால் குவிந்த லட்சக்கணக்கான டன் கழிவிலிருந்து மழைக்காலத்தில் மஞ்சளாய் ஒழுகும் நீர் இவ்வகையைச் சேர்ந்தது. இவ்வாறு, மண்ணில் குரோமியம் எவ்வளவு இருக்கிறதென்று மாத்திரம் அறிவது போதாது. அதில் எவ்வளவு உயிர்களின் உடலுக்குள் புகக்கூடியது என்பதே கேள்வி. நத்தை உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

நத்தையின் சுபாவம்

சேற்றுக் கழனிகளிலும் ஏரிகளிலும் உள்ள, வாய்க்கு மூடியுடைய நீர்நத்தை வேறு. இங்கே சொல்லப்படுவது நிலத்தில் வாழும் நத்தை. தென்னிந்தியத் தோட்டங்களில் சாதாரணமாய்க் காணப்படும் சுதேச நத்தை, சாஸ்திரிகளால் கிரிப்டோசோனா பிஸ்திரியாலிஸ் என்று பெயரிடப்பட்டது. இதுவன்றி, ஒரு சாணுக்குக் குறையாமலும் வளரக்கூடிய ஆப்பிரிக்கப் பெருநத்தையும் இப்போது பல இடங்களில் பரவியிருக்கிறது. 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்து விட்ட சில நத்தைகளின் வழியாக இது இந்தியாவுக்கு வந்தது.

நிலநத்தை தூர தேசம் போவதில்லை. பிறந்த வரப்பையும் புதரையும் விட்டு மிகவும் அகலாமல், அவ்விடத்து இலையையும் சருகையும் மண்ணையும் தின்று வாழும். ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்பையும் அம்மண்ணிலிருந்தே பெறும். ஈரமான அடிப்பாதத்தை மண்ணில் பதித்தபடியே ஊர்வதால் மண்ணின் நீரும் உடலில் ஏறும். கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய ஏட்டினால் அடைத்துக்கொண்டு உறங்கி, மழையில் எழும். ஆகையால் ஒரு நத்தையின் உடலில் உள்ளது அது வாழ்ந்த சில கஜ தூரத்து நிலத்தின் கணக்கேயாகும். ஆற்றுநீரை ஒருநாள் மொண்டு பரீக்ஷித்தால் அன்றைய நிலை மாத்திரம் தெரியும். நத்தையோ பல மாதங்களின் வரவைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும்.

உலோகம் சேரும் விதம்

உணவோடு உட்சென்ற உலோகங்கள் நத்தையின் சீரணச் சுரப்பியில் தங்குகின்றன. ஓட்டின் சுருண்ட நுனிப்பக்கத்தில் கருமையாய்த் தோன்றும் பகுதி இதுவே. காட்மியம் என்னும் நஞ்சு உள்ளே வந்தால், நத்தை அதை ஒருவகைப் புரதத்தினால் கட்டிச் சிறைப்படுத்தி வைக்கிறது. மெட்டலோதயோனின் என்னும் பெயருடைய இப்புரதத்தை ஆஸ்திரியா தேசத்து இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தார் விரிவாய் ஆராய்ந்து, நத்தையினிடத்தில் காட்மியத்துக்கு ஒருவகையும் செம்புக்கு வேறொரு வகையும் தனித்தனியே உண்டென்று காட்டினார்கள். செம்பு நத்தைக்கு வேண்டிய பொருள். மனிதர் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை நத்தையின் இரத்தத்தில் செம்பு செய்கிறது. காட்மியமோ வேண்டாத பொருள். ஆயினும் சிறைப்பட்டபின் மிக மெதுவாகவே வெளியேறுவதால், அது மண்ணிலுள்ள அளவைவிட நத்தையின் உடலில் மிகுதியாய்ச் சேர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தை அடுத்த ஆவன்மவுத் என்னுமிடத்துத் துத்தநாகம், ஈயம் உருக்கும் ஆலையின் சுற்றுப்புறத்தில் 1970-களில் நத்தைகளைச் சேகரித்து இவ்வாறான ஆராய்ச்சிகள் நடந்தன. பின்னர் பிரான்சு தேசத்தில், 2003-ல் மூடப்பட்ட ஓர் ஈய ஆலையைச் சுற்றிய நிலங்களிலும் நத்தைகளைக்கொண்டு பரீக்ஷை செய்தார்கள். சுத்தமான இடத்தில் வளர்த்த ஒரே வயதுள்ள நத்தைகளைக் கூண்டிலிட்டு, சோதிக்கவேண்டிய நிலத்தில் 28 நாட்கள் வைத்து, பின்னர் அவற்றின் உடலில் ஏறிய உலோகத்தை அளப்பது அம்முறை. இது 2021-ல் சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனத்தால் ஒரு தரமுறையாக வெளியிடப்பட்டது. இளநத்தைகளின் வளர்ச்சி எவ்வளவு குன்றுகிறதென்று பார்க்கும் வேறொரு முறை 2006-லேயே அந்த ஸ்தாபனத்தால் வெளியிடப்பட்டிருந்தது. ஒரே அளவு ஈயமுள்ள இரு நிலங்களில், ஒன்றில் நத்தையின் உடலில் ஈயம் ஏறி, மற்றொன்றில் ஏறாமலிருப்பதும் உண்டு. மண்ணின் புளிப்பும், சுண்ணாம்பும், மக்கும், களியும் வேறுபடுவதே இதற்குக் காரணம். இவ்வேறுபாட்டைக் காட்டுவதே நத்தையினால் உண்டாகும் பெரும் பிரயோஜனம்.

நத்தை காட்டாதவை

இனிக் குடியானவர்கள் தவறாமல் மனதில் வைக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, எல்லா உலோகமும் நத்தையில் ஒரே விதமாய் ஏறுவதில்லை. காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கு நத்தை நல்ல சாட்சி. ஈயத்துக்கு நடுத்தரமான சாட்சி. குரோமியமோ காட்மியத்தைப்போல் பெருகிச் சேர்வதில்லை. ஆகையால் நத்தையில் குரோமியம் குறைவாயிருக்கிறதென்று கிணற்று நீரைப் பரீக்ஷிக்காமல் விட்டுவிடலாகாது.

இரண்டாவது, உப்பு நத்தையைக் கொல்லும். உப்புப் பட்டால் அதன் மெல்லிய உடலிலிருந்து நீர் வெளியேறி வற்றிப்போகும். அதனால் உப்பு மிகுந்த நிலத்தில் சாட்சி சொல்ல நத்தையே இராது. மழைக்குப் பின்னும் ஒரு கழனியில் நத்தை அறவே இல்லையென்றால் முதலில் உப்பைச் சந்தேகிக்கவேண்டும். ஆயினும் அதையே முடிவென்று கொள்ளலாகாது. நிழலின்மையும், பூச்சி மருந்தும், அடிக்கடி உழுவதும் நத்தையை இல்லாமற் செய்யும். மாறாக, நத்தை ஏராளமாயிருப்பதால் நிலம் சுத்தமானதென்றும் கொள்ளலாகாது. நஞ்சை உடலிலே பூட்டி வைத்துக்கொண்டு நத்தை உயிரோடிருக்கும். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அது பெருகவும் பெருகும்.

மூன்றாவது, நத்தை நஞ்சைக் காட்டுமேயன்றி நஞ்சிட்டவரைக் காட்டாது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதியின் நடுவே போகிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-ம் வருஷத்தில் நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் விழுந்த ஈயம் சாலையோர மண்ணிலிருந்து எளிதில் போகாது. வாழைக்கும் திராட்சைக்கும் தெளிக்கும் செம்பு மருந்துகளால் நத்தையில் செம்பு மிகும். சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு சிறிதளவு காட்மியமும் நிலத்தில் சேர்வதுண்டு. தோற்சாலைக்கு அடுத்த நிலத்து நத்தையில் இவை காணப்பட்டால் அவையெல்லாம் தோற்சாலையிலிருந்தே வந்தனவென்று சொல்லிவிட முடியாது. குடியானவர் தம் வழக்கை இவ்வாதாரம் ஒன்றின்மேல் மாத்திரம் நிறுத்தினால், எதிர்த் தரப்பார் அதை எளிதில் அசைத்துவிடுவார்கள்.

கிராமத்தில் செய்யக்கூடியது

கழிவு நீர் பாய்ந்த நிலம் ஒன்றையும், அதே வகை மண்ணும் அதே பயிரும் உள்ளதாய், கழிவு நீர் ஒருபோதும் பாயாத மேட்டு நிலம் ஒன்றையும் தெரிந்தெடுக்கவேண்டும். மழை பெய்த மறுநாள் விடியுமுன், இரண்டிலும் வரப்பையொட்டி ஒரு மீட்டர் சதுரமுள்ள பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் உள்ள நத்தைகளை எண்ணி எழுதவேண்டும். ஒரு பருவத்தில் மூன்று முறையாவது இவ்வாறு எண்ணினால் தற்செயலான வேறுபாடுகள் நீங்கும்.

இரசாயனப் பரீக்ஷைக்கு அனுப்புவதானால், இரண்டு நிலங்களிலிருந்தும் ஒரே ஜாதியும் ஒரே பருமனுமுள்ள நத்தைகளை இடத்துக்குப் பத்துக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். அவற்றை நல்ல நீரில் கழுவி, ஈரத் துணியிட்ட சுத்தமான பெட்டியில் இரண்டு நாள் உணவின்றி வைத்து, குடலிலுள்ள மண் கழிந்தபின் அனுப்பவேண்டும். இல்லாவிடில் குடலிலுள்ள மண்ணின் உலோகமே கணக்கில் ஏறிவிடும். நத்தை இருந்த இடத்து மண்ணையும், அந்நிலத்துக்குப் பாயும் கிணற்று நீரையும் அதே நாளில் எடுத்துச் சேர்த்து அனுப்பவேண்டும். மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாய்ப் பார்ப்பது கார அமில நிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பற் சத்துக்கள், சில நுண்சத்துக்கள் ஆகியவையே. குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவற்றைத் தனியாய்க் கேட்டாலன்றிப் பாரார்கள். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் எங்கே அனுப்புவதென்று யோசனை கேட்கலாம்.

நத்தையை வெறுங்கையால் தொடலாகாது. ஆப்பிரிக்கப் பெருநத்தை, எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவைச் சுமப்பதுண்டு. அது மனிதருக்கு மூளைச் சவ்வில் வியாதி உண்டாக்கும். கையுறை அணிந்து எடுத்து, பின்னர் சோப்பினால் கழுவவேண்டும். பெருநத்தை இல்லாத கிராமத்துக்கு அதை உயிரோடு கொண்டுபோகலாகாது. கழிவு நீர் பாய்ந்த நிலத்து நத்தைகளை உண்பதோ, வாத்துக்கும் கோழிக்கும் இரையாக இடுவதோ கூடாது. நத்தை சேர்த்து வைத்த நஞ்சு அவற்றின் வழியாய் வீட்டுக்குத் திரும்பும்.

கேடு தெரிந்தபின் செய்யவேண்டியது

உப்பு மிகுதியென்று கண்டால், அதிலும் சோடியம் மிகுந்து மண் இறுகியிருந்தால், பரீக்ஷை முடிவின்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியாய் வெளியேற்றவேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மாத்திரம் இடுவது வீண் செலவு. மழைநீரே இதற்கு மிகச் சிறந்தது. தக்கைப்பூண்டைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதால் மண் நெகிழும்.

குரோமியம் மிகுந்த நிலத்துக்குத் தொழு எருவும் பசுந்தழையும் இரட்டிப்பு நன்மை செய்யும். மக்கு மிகுந்தால் ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு மாறிப் பிணைப்புறும். பயிர் உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பாகம் வேரிலேயே தங்கித் தானியத்துக்குச் சிறிதே ஏறும். ஆகையால் இத்தகைய நிலத்தில் கீரையும், முள்ளங்கி போன்ற கிழங்குகளும் பயிரிடாமல், தானியமோ, பருத்தியோ, மரப்பயிரோ செய்வது உத்தமம். கீரை விளைந்திருந்தால் மண் சிறிதும் ஒட்டாதபடி பலமுறை கழுவவேண்டும்.

தோற்சாலைச் சேற்றை எருவென்று சொல்லி எவர் இலவசமாய்க் கொடுத்தாலும் வாங்கலாகாது. குரோமியம் கலந்த சேறு 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. தோற்சீவல்களை எரித்துச் சாம்பலைக் கழனியில் இடுவது இன்னும் கேடானது. நெருப்பினால் அசையாத குரோமியம் அசையும் நஞ்சாக மாறிவிடக்கூடும். குடிநீர்க் கிணற்றில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், இந்தியத் தரநிர்ணயத்தின்படி அந்நீர் குடிக்க உதவாது.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளின் நீர்ப்பரீக்ஷை முடிவையும், கழிவு பாய்ந்த சர்வே எண்களையும், அவற்றின் விளைச்சலையும் ஒரு புஸ்தகத்தில் தேதியிட்டுப் பதிந்து வருதல் அவசியம். நத்தைக் கணக்கு இருந்தால் அதையும் சேர்க்கலாம். நஷ்டஈட்டுக் கணக்கெடுப்பு மறுபடி நேரும்போது, நினைவிலிருந்து சொல்லும் நூறு வார்த்தைகளைவிட, தொடர்ந்து எழுதப்பட்ட ஒரு பக்கம் குடியானவருக்கு அதிகமாய் உதவும். மண், நீர், நத்தை மூன்றும் ஒன்றையே சொல்லுமிடத்தில் அச்சாட்சியை மறுத்தல் எளிதன்று. அவை மூன்றும் வேறுவேறாய்ச் சொல்லுமிடத்தில், அவசரப்பட்டு நிலத்தை விற்கவோ தரிசு போடவோ செய்யாமல், மறு பருவத்தில் திரும்பவும் பரீக்ஷித்தறிந்து நடந்துகொள்ளவேண்டும்.